குரலா முகமா என்று கேட்பவன்

நெட் சென்டர் வேலையில் கரண்டு போகும், லைன் போகும், இரண்டும் போகாத நாளில் வாடிக்கையாளர் வந்துவிடுவார். இந்த வேலையைப் பார்த்த, பார்க்கிற, மாட்டிக்கொண்டு முழிக்கிற எல்லா அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். ஓர் ஆள் முழுசாக இரண்டு மாதம் ஏமாந்த கதை. நினைத்தால் இப்போதும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். லைன் கிடைக்கிற வரைக்கும் வந்தவரை உட்கார வைத்து, ஃபேனைத் திருப்பி விட்டு, ஊர்க்கதை பேசிச் சமாளிப்பதுதானே நம் தொழில்? அதே மாதிரி நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

நான் இருந்தது தங்கச்சிமடம் மெயின் ரோட்டில், ஜெரோம் அண்ணன் சென்டரில். பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுதக் காத்திருந்த நேரம். முன்னால் ஆறு கம்ப்யூட்டர். பின்னால் பிளைவுட் அடித்த ஓர் அறை. அந்த அறைக்கு அண்ணன் வைத்த பெயர் கான்பரன்ஸ் ஹால். வாசலில் போர்டு: ‘வியாபாரக் கூட்டங்கள் இங்கிருந்தபடியே நடத்தலாம். குரல் மட்டும், அல்லது முகத்துடன்.’ வருகிறவரிடம் “குரலா, முகமா?” என்று கேட்பது என் வேலை. குரல் என்றால் ஹெட்போன் மட்டும், லைன் தாங்கும். முகம் என்றால் கேமராவும் சேர்ந்து வரும், லைன் மூச்சு வாங்கும். அந்த அறைக்குள் காலெடுத்து வைத்த ஒவ்வொருவரும் என்னைத் திருப்பிக் கேட்டார்கள், எது தம்பி நல்லதென்று. எனக்கு எப்படித் தெரியும்? கணக்கில் இருபத்தெட்டு மார்க் எடுத்தவன் நான்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, யாரும் கொடுக்காத வேலை. ஒரு குரலை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அது என் தொண்டையில் இருக்கும். பாம்பன் பாலத்துக்கு முன்னால் “உள்ள போ, உள்ள போ” என்று கத்துகிற கண்டக்டர், மூக்கால் பேசும் கணக்கு வாத்தியார், திருநாளுக்கு மைக் பிடிக்கிற மேடைக்காரர், எல்லாரும் எனக்குள் குடியிருந்தார்கள். ஊரில் என் பெயர் டேப்பு. ஞானஸ்நானப் பெயர் வேறு ஒன்று உண்டு, அதை அம்மா கோபத்தில் மட்டும்தான் சொல்லும்.

துண்டு வைத்திருந்தவர்

எங்கள் முக்கியமான வாடிக்கையாளர் சூசை முதலாளி. நண்டு ஷெட் வைத்திருந்தார். கரையில் எடுக்கிற நண்டை அவித்து, ஓடு உடைத்து, சதையைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, தூத்துக்குடிக் கம்பெனிக்கு அனுப்புவார். அங்கிருந்து அது கப்பலேறும். ஷெட்டில் நாற்பது பெண்கள். அதில் ஒருத்தி என் அம்மா. அந்த வருஷம் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது: இந்தப் பக்கத்தில் இனி ஒரே ஒரு ஷெட்டில்தான் சரக்கெடுப்போம், ஒன்று சூசை ஷெட், இல்லாவிட்டால் மண்டபத்து ஷெட். மூன்று மாதம் பேசிப் பார்த்துத்தான் முடிவு. முன்பெல்லாம் நேரில் வந்துபோன மேனேஜர் பொன்ராஜ் இனி வர மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில்தான் பேச்சு. பேச்சு முறிந்தால் ஷெட்டை மூட வேண்டும், அம்மா மற்ற பொம்பளைகளோடு கேரளாவுக்கு எறால் உரிக்க ஆறு மாதம் போக வேண்டும். பெட்டி கட்டக் கயிறு வரை விசாரித்து வைத்துவிட்டது அம்மா.

சூசை முதலாளிக்கு ஒரு பழக்கம். நண்டுக்கு வருமுன் அவர் சங்கு வியாபாரத்தில் இருந்தவர். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள், உள்ளே விரலை அமுக்கிப் பேரம் நடக்கும். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. நண்டுக்கு வந்த பிறகும் அவர் இதை விடவில்லை. மேனேஜர் பொன்ராஜ் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் நடு ஷெட்டில் நின்று இரண்டு பேரும் துண்டுக்குள் கை விட்டுக்கொள்வார்கள், ஒரு நிமிஷத்தில் ஒரு சீசன் விலை முடிந்துவிடும். வாயில் வருவதெல்லாம் “கேட்டீகளா” என்றும் “உங்களுக்குத் தெரியாததா” என்றும்தான். அந்தக் கரகரத்த குரலை, இஞ்சின் கிளம்பாத விசைப்படகு மாதிரி இருக்கும், நான் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். முதல் வெள்ளிக்கிழமை வந்தவரிடம் குரலா, முகமா என்று கேட்டேன். ஹெட்போனையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏலே, கையக் குடுக்குற மிசினு எதுவும் இல்லியா?”

படம் எடுத்தாச்சா

முதலாளி குரலைத்தான் எடுத்தார். முகத்தை எடுத்த முதல் ஆள் பாம்பனிலிருந்து வந்த ஒரு பாய். துபாயில் கடை வைத்திருக்கிற மச்சானோடு கூட்டு வியாபாரம். “முகத்தப் பாத்துப் பேசுனாத்தான் தம்பி நம்பிக்க” என்று சொல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, அத்தர் சகிதம் வந்து உட்கார்ந்தார். சலாம் சொல்லி முடிக்கிறதுக்குள் லைன் திணறிவிட்டது. திரையில் மச்சான் பாதி திறந்த வாயோடு உறைந்துவிட்டார்.

நான் ரூட்டரைத் தட்டி, ஒயரைப் பிடுங்கிச் சொருகி, தூத்துக்குடி எக்ஸ்சேஞ்ச் வரை திட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். நான் போனபோது பாய் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். நெஞ்சு நிமிர்த்தி, முட்டியில் கை வைத்து, கண் இமைக்காமல். மச்சான் அசையாமல் இருக்கிறாரே, ஸ்டூடியோவில் மாதிரி இதிலும் அசையக் கூடாது போல என்று அவராக முடிவு செய்திருக்கிறார். ஐந்து நிமிஷம். முகமெல்லாம் வியர்வை. உதடு அசையாமல், பல்லுக்கிடையில் என்னைக் கேட்டார்:

“தம்பி, எடுத்தாச்சா? மூச்சு விடலாமா?”

சவரியார் சொன்னதும் சவரியார் கேட்டதும்

முகத்தில் இந்தப் பாடு என்றால் குரலில் வேறு பாடு. யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ஐந்து பேர் கூட்டம் என்றால் முதல் பத்து நிமிஷம் “அலோ, அலோ” மட்டும்தான். படகுக்காரர்கள் நாலு பேர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, ராமநாதபுரத்து ஐஸ் ஃபேக்டரிக்காரரோடு ஐஸ் விஷயமாக ஒரு கூட்டம் போட்டார்கள். ஐந்தாவது படகுக்காரர் சவரியார் அண்ணன், ராமேஸ்வரத்தில் இன்னொரு சென்டரிலிருந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. சவரியார் இல்லாமல் பேச மாட்டோம் என்று நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஐஸ்காரர் லைனை வைக்கப் போனார். கூட்டம் கலைந்தால் ஜெரோம் அண்ணன் என்னைத்தான் திட்டும். முன்னால் காலியாக இருந்த கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டினேன், கூட்டத்தில் சேர்ந்தேன், “சவரியாருதாம்பா, ஆரம்பிங்க” என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். தொண்டை விடவில்லை. “என்ன ஐஸு விக்கிறிய? கரையில ஏத்துறப்ப கல்லு மாதிரி இருக்கு, கடல்ல போய்த் தெறந்தா குளிக்கத்தான் ஆகுது” என்று போட்டேன். ஹாலில் நாலு பேரும் “சவரியாருன்னா சவரியாருதான்” என்று தொடையைத் தட்டினார்கள். அப்போது பின்னால் ஒரு இருமல். ராமேஸ்வரத்தில் லைன் கிடைக்காமல், நிஜச் சவரியார் சைக்கிளை மிதித்து இங்கேயே வந்து வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நான் காதைப் பொத்திக்கொண்டேன், அடி அங்கேதான் முதலில் விழும். அவர் அடிக்கவில்லை. ஸ்பீக்கரில் வந்ததை எல்லாம் தலையாட்டிக் கேட்டு முடித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினார்:

“சொல்ல வந்ததப் பூராவும் சொல்லிட்டேன் போல. அப்ப நான் வாரேம்பா.”

போக மாட்டேன் என்றது

முதலில் சொன்னேனே, அந்தச் சிரிப்பா? இல்லை, இது அது இல்லை. அது இன்னும் அடுப்பில் இருக்கிறது. அதற்குள் பிலோமி அக்கா வந்துவிட்டது.

அக்காள்மடத்துப் பிலோமி அக்காவுக்குக் கருவாட்டு வியாபாரம். மதுரையில் புதிதாக ஒரு கடைக்காரர் சரக்கைப் பார்க்க வேண்டும் என்றாராம். குரலா, முகமா என்று கேட்டதும் “என் மூஞ்சி எதுக்குலே, சரக்கு மூஞ்சியக் காட்டு” என்று சாக்கைக் கீபோர்டின் மேலேயே கவிழ்த்துவிட்டது. நெத்திலி ஒரு பக்கம், சீலா ஒரு பக்கம். கேமராவில் எல்லாமே ஒரே கறுப்பு. மதுரைக்காரர் “பழசு மாதிரி தெரியுதேம்மா” என்றார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழசா? ஒரு சீலாவைத் தூக்கி, கேமரா கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து, “மோந்து பாரும்யா, மோந்து பாத்துட்டுப் பேசும்” என்றது. மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த மனுஷரும் மோந்து பார்க்கக் குனிந்தார். எங்கள் திரை முழுக்க ஒரே ஒரு மூக்கு. அக்கா அந்த மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மீனை இறக்கிவிட்டு என்னிடம் திரும்பியது:

“அவன் மூக்கு இங்கன வந்திருச்சு, என் வாசம் அங்கன போகலியே. அது எப்பம்லே வரும்?”

தொண்டை கட்டிய வெள்ளிக்கிழமை

சரி, அடுப்பிலிருந்ததை இறக்குகிறேன்.

சூசை முதலாளியின் முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் ஒரே மாதிரி போனது. பொன்ராஜ் “விலையச் சொல்லுங்கண்ணே” என்பார். முதலாளி “உங்களுக்குத் தெரியாததா” என்பார். “தெரியாது, அதான் கேக்கேன்” என்பார் அவர். முதலாளி துண்டைத் தடவிக்கொண்டு என்னைப் பார்ப்பார். அரை மணி நேரம் வானிலை பேசிவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள். மண்டபத்து ஷெட்டிலோ முதல் வாரமே விலையை டைப் அடித்து அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் அம்மா, கேரளாவுக்குப் போகிற பொம்பளைகளின் பெயர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தது.

நாலாவது வெள்ளி, முதலாளி வந்து வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. காலையில் கரையில் நண்டு இறக்குகிற ஆட்களிடம் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. மணி பத்து. இன்றைக்கும் பேசாவிட்டால் மனுஷன் தட்டிக் கழிக்கிறார் என்றுதான் கம்பெனி நினைக்கும். ஜெரோம் அண்ணன் என்னைப் பார்த்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஹெட்போனைப் பார்த்தேன், ஏற்கனவே அது என் காதில் இருந்தது. “கேட்டீகளா மேனேஜரே” என்று இஞ்சினைக் கிளப்பினேன். முதலாளி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எத்தனை பெண்கள், எத்தனை பெட்டி, ஐஸ் எங்கே எடுக்கிறீர்கள், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பொன்ராஜ் கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில். தினமும் சோறு போடும்போது அம்மா ஒப்பிக்கிற பாடம்தானே.

கடைசியில் அவர் விலையைக் கேட்டார். முதலாளி வேகமாகக் கையை ஆட்டினார், துண்டைக் காட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று உதட்டைக் கடித்தார். எனக்கோ இஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “போன சீசன் விலைக்கு மேல கிலோவுக்குப் பத்து ரூவா போட்டுத் தாங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இந்தப் பக்கம் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். லைன் போய்விட்டதோ என்று நான் ஒயரைத் தடவும்போது பொன்ராஜ் மெதுவாகச் சொன்னார்:

“சரிண்ணே. இன்னைக்குத்தான் வெவரமாப் பேசுனிய. இனிமே எல்லா வெள்ளிக்கிழமையும் இதே மாரி பேசுங்க.”

கையுறை கேட்டது யார்

நாலு நாளில் முதலாளிக்குத் தொண்டை திறந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை அவர் ஹெட்போனைத் தொடவில்லை. “அந்த ஆளு உங்கிட்டதான்லே பேசுறாரு. நீயே பேசு. பத்து மணிக்குக் கரையில நண்டு ஏறுது, நான் அங்கன நிக்கணும்” என்று போய்விட்டார். அன்றிலிருந்து வாராவாரம் நான்தான் சூசை முதலாளி. இருமல் சேர்த்தேன். வெற்றிலை மெல்லுகிற சத்தம் சேர்த்தேன். ஒரு நாள் பொன்ராஜ் திடீரென்று, “அண்ணே, சங்கு காலத்துல தொண்டியில நாம ரெண்டு பேரும் ஒரு ஆளப் பாத்தோமே, அவரு பேரு என்ன?” என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. “வயசாகுது மேனேஜரே, பேரா ஞாபகத்துல நிக்கிது?” என்றேன். “அதுவும் சரிதாண்ணே” என்று விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வரை என் தோளை நானே தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனி மேனேஜர், பெரிய படிப்புப் படித்தவர், கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கினவனிடம் வாராவாரம் ஏமாறுகிறாரே!

தைரியம் கூடிப்போய் ஒரு வெள்ளிக்கிழமை நானாகவே ஒன்று கேட்டேன். நண்டு ஓடு கிழித்து அம்மா விரலெல்லாம் கோடு கோடாக இருக்கும், சோறு பிசையும்போது எரியும் என்று இடது கையால் சாப்பிடும். “பொம்பளையளுக்கு நல்ல ரப்பர் கையுறையா அனுப்பி வைங்க மேனேஜரே, கை கிழிஞ்சா சரக்கும்லா கெடுது” என்றேன் முதலாளி குரலில். பொன்ராஜ் கொஞ்சம் யோசித்து, “கேக்க வேண்டியதத்தான் கேக்கிய” என்றார். அடுத்த வாரம் லாரியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. முதலாளி அதைத் திறந்து, ஒரு கையுறையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இத யாருலே கேட்டா என்றார். நான் அவர் குரலிலேயே சொன்னேன்:

“நீங்கதான் கேட்டீக முதலாளி!”

மேசைக்கு அடியில்

கடைசி வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. இந்த வாரம் முடிவு சொல்கிறோம், அதனால் குரல் வேண்டாம், முகத்தோடு வரவும்.

முகமா? குரலை என் தொண்டையில் வைத்துக்கொண்டு முகத்துக்கு நான் எங்கே போவேன்? முதலாளியே பேசட்டும் என்றால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு மாசமா நீ பேசுனதுல பாதி எனக்குத் தெரியாது. கேட்டா என்னத்தச் சொல்ல?” அதுவும் நியாயம்தான். கடைசியில் ஜெரோம் அண்ணன்தான் வழி சொன்னது. நம் லைனில் யார் பேசினாலும் வாய் ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் வரும். இதுவரை ஒருத்தருக்காவது உதடும் குரலும் ஒத்துப்போயிருக்கிறதா? அப்புறம் என்ன, முதலாளி கேமரா முன்னால் உட்கார்ந்து வாயை அசைக்கட்டும், டேப்பு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசட்டும். இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். முதலாளி வாயசைப்பது வெற்றிலை மெல்லுகிற மாதிரியே இருந்தது. அதுவும் நல்லதுதான் என்றது அண்ணன்.

வெள்ளிக்கிழமை முதலாளி கைலியை விட்டு வேட்டி கட்டி வந்தார், தோளில் துவைத்த துண்டு. வாசலில் அம்மாவும் ஷெட்டிலிருந்து நாலைந்து பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நான் ஹெட்போனோடு மேசைக்கு அடியில் புகுந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது முதலாளியின் வேட்டிக் கரையும் கால் பெருவிரலும் மட்டும். மேலே நடந்ததை ஜெரோம் அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பேச்சு தேன் மாதிரி போனது. பொன்ராஜ் கேட்டார், நான் சொன்னேன், முதலாளி மென்றார். லைனும் அன்றைக்கு ஒழுங்காகத் திணறியது. அப்புறம் பொன்ராஜ் முன்னால் குனிந்து, “சரிண்ணே, கடைசி விலையச் சொல்லுங்க” என்றார். நான் கீழே மூச்சை இழுத்தேன். மேலே முதலாளி பொன்ராஜ் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் நேருக்கு நேர் நின்று பேரம் பேசிய முகம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது, கடைசி விலை கேட்கிறது. அவருடைய கை அவரைக் கேட்காமலே தோளுக்குப் போனது. துண்டை எடுத்தார். கேமரா மேல் போட்டு மூடினார். துண்டுக்குள் கையை விட்டு, கேமராவைப் பிடித்து, ஒரு விரல், இரண்டு விரல் என்று அமுக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதியாம்.

எனக்குக் கீழே ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஹெட்போனில் பொன்ராஜ் சிரிக்கிற சத்தம், நாற்காலி கிறீச்சிடச் சிரிக்கிறார். நான் விடுவேனா? “என்ன மேனேஜரே, இப்பிடிச் சிரிக்கிறீக? கேட்டீகளா, நாம பேசுன விலை...” என்று இஞ்சினை ஓட்டினேன். சிரிப்பு இன்னும் கூடியது. அது ஓய்ந்தபோது, பொன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வாசல் வரைக்கும் கேட்டது.

“சூசையண்ணே, துண்ட எடுங்க, இங்க ஒரே இருட்டா இருக்கு. ஒங்க வெரலு எனக்குத் தெரியல, அதனால அன்னைக்கு வாயால சொன்ன பத்து ரூவாயே இருக்கட்டும். சரக்கு நல்ல சரக்கு, அது எனக்குப் பெட்டியத் தெறந்தாத் தெரியும். திங்கக்கெழம வண்டி வரும், ஏத்துங்க.”

முதலாளி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசலில் அம்மா “மாதாவே” என்று கத்தியது எனக்குக் கீழே வரைக்கும் கேட்டது. நான் வெற்றியோடு முஷ்டியை உயர்த்தியதில் கை மேசையில் மோதி, மேலே கீபோர்டு துள்ளியது. அதற்குப் பொன்ராஜ் சொன்னார்:

“நீங்க இத்தன வருசத்துல ஒரு தடவையாச்சும் வாயத் தெறந்து வெல சொல்லிருக்கியளாண்ணே? அன்னைக்குப் பத்துன்னு சத்தமாக் கேட்டப்பவே எனக்குத் தெரியும். தொண்டியில நாம யாரையும் பாக்கவும் இல்ல. அந்தா ஒயரு மேசைக்குக் கீழ போச்சே, அங்க உக்காந்திருக்கவன வெளிய வரச் சொல்லுங்க, ரெண்டு மாசமா நானும் அவன் மூஞ்சியப் பாக்கத்தான் காத்துக் கெடக்கேன்.”

இரண்டு மாதம் ஏமாந்த ஆள் வெளியே வந்து, ஹெட்போன் கழுத்தில் தொங்க, கேமரா முன்னால் நின்றான். ஊரில் இருக்கிற எல்லாக் குரலும் அவன் தொண்டையில் இருந்தன, பதில் சொல்ல அவனுடைய சொந்தக் குரல் ஒன்றுதான் அந்த நேரம் பார்த்துக் கிடைக்கவில்லை.